உறைபனியும் படகு எஞ்சினும்: குளிர்காலக் காப்புமுறைகளின் வரலாறு

படகு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் படகைச் சுற்றியே கிடக்கிறது. காருக்குத் தேவைப்படும் ரேடியேட்டரும் விசிறியும் இதற்கு வேண்டியதில்லை. படகின் அடியில் ஒரு துளை, உறிஞ்ச ஒரு பம்ப், சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட இடைவெளி, சூடான தண்ணீர் வெளியேற ஒரு குழாய் ஆகியவை போதும். வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் கனடாவின் அட்லாண்டிக் கரையிலும் பால்டிக் கடலோரத்திலும் இந்த வசதியே எஞ்சின்களுக்கு எமனாகவும் ஆனது. படகோட்டும் பருவம் முடிந்தபின் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். இதைத் தடுக்க வழிகள் இரண்டே. தண்ணீரை முற்றிலும் வடித்துவிடுவது ஒன்று. உறையாத திரவத்தை அதன் இடத்தில் நிரப்புவது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டில் வேதியியலின் துணையோடு இரண்டாவது வழி வேகமாக வளர்ந்தது. ஆனாலும் முதல் வழியின் தேவை இன்றுவரை நீங்கவில்லை.

தண்ணீர் உறைந்தால் உலோகமும் உடையும் என்பது எஞ்சின்கள் தோன்றுவதற்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. ஃபிளாரன்ஸ் நகரின் சிமென்டோ கழகத்தார் மூடிய உலோக உருண்டைகளில் தண்ணீரை உறையவைத்துப் பார்த்த சோதனைகள் 1667இல் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உறையும் தண்ணீரைக் கொண்டு இரும்புக் குழலைப் பிளந்து காட்டினார். இவற்றைவிடப் படகு எஞ்சினின் கதைக்கு நெருக்கமானது, பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ் 1784-85 குளிர்காலங்களில் கனடாவின் கியூபெக்கில் செய்த சோதனை. உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் தண்ணீர் நிரப்பி, வாயை அடைப்பானால் இறுக்கி, திறந்த வெளியில் பனியில் வைத்தார். சில குண்டுகளில் அடைப்பான் தெறித்துத் தொலைவில் போய் விழுந்தது. அடைப்பான் அசையாத குண்டுகளிலோ இரும்பே விரிந்து, பிளவு வழியே பனிக்கட்டி தகடுபோல வெளியே துருத்தி நின்றது.

உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் உடைவதும் இதனால்தான். எஞ்சினில் நடப்பது இன்னும் நுட்பமானது. அழுத்தம் கூடினால் தண்ணீரின் உறைநிலை தாழும் என்று ஜேம்ஸ் தாம்சன் 1849இல் கணித்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட அவருடைய தம்பி வில்லியம் தாம்சன் அடுத்த ஆண்டே அதைச் சோதனையில் உறுதிசெய்தார். பிற்கால உயரழுத்த ஆய்வுகளின்படி, −22 டிகிரி செல்சியஸில் தண்ணீரை உறையவிடாமல் வைத்திருக்க ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தம் வேண்டும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வார்ப்பிரும்புச் சுவர் அந்த அளவை எட்டுவதற்கு வெகுமுன்பே விட்டுக்கொடுத்துவிடும். வார்ப்பிரும்பு வளையாது, நீளாது. நேராக விரிசல் விடும்.

பனிக்கட்டி சுவரை நேரடியாகத் தள்ளுவது மட்டுமே இதற்குக் காரணமன்று. 1990களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை வைத்து நடந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது. முதலில் ஓரிடத்தில் பனி அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பு வளர வளர, அதற்கும் குழாயின் மூடிய முனைக்கும் நடுவே சிக்கிய, இன்னும் உறையாத தண்ணீரின் அழுத்தம் எகிறுகிறது. குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனி இல்லாத அந்தப் பகுதியில்தான். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள வளைவும் நெளிவுமான இடைவெளிகளுக்கும் இது பொருந்தும். காற்றுபடும் குறுகிய மூலை முதலில் உறைந்து வழியை மூடிவிட்டால், உள்ளே மாட்டிய ஒரு கிண்ணத் தண்ணீர்கூட எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கை உடைக்கப் போதும்.

பேரேரிகளின் நீராவிக் கப்பல்களுக்குக் குளிர்கால ஓய்வு வழக்கமாகவே இருந்தது. பனி சூழும்போது கப்பலைத் துறைமுகத்தில் கட்டி, கொதிகலனையும் குழாய்களையும் பொறியாளர் வடித்துவிடுவார். இன்றும் சுப்பீரியர் ஏரியை ஹியூரான் ஏரியோடு இணைக்கும் சூ மடைகள் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 25 வரை மூடப்படுகின்றன. அந்த நீராவிக் கப்பல்களில் இயந்திரம் அறிந்த ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். சிறிய பெட்ரோல் எஞ்சின் வந்தபோது அந்தப் பொறுப்பு மீனவர் கைக்கும் பொழுதுபோக்குப் படகுக்காரர் கைக்கும் மாறியது. பொறியாளர்களான டைம்லரும் மேபாக்கும் 1886இல் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் எஞ்சின் படகை ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நோவா ஸ்கோஷியாவின் லூனென்பர்க் போன்ற ஊர்களின் வார்ப்படச் சாலைகள் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களைக் கரையோர மீனவர்களுக்குச் செய்துகொடுத்தன. இவற்றை வடிப்பது எளிது. சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் அறையின் அடியில் ஒரு சிறு திருகுக் குழாய் இருக்கும். மாலையில் கரை சேர்ந்ததும் அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும். எளிமையே இங்கே காப்பாக இருந்தது.

சிக்கல் தொடங்கியது பல சிலிண்டர் எஞ்சின்களோடு. முதல் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த விமான எஞ்சின்களும், பிறகு கார் எஞ்சின்களும் மிச்சிகன் மாநிலப் படகுக் கட்டுமானச் சாலைகளில் படகுகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டன. அவற்றின் தண்ணீர் வழிகள் சிக்கலானவை. ஒரே திருகைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடாது. கார் உலகில் அதே காலத்தில் உறையாத கலவைகள் புழங்கத் தொடங்கியிருந்தன. கால்சியம் குளோரைடு உப்புநீர் உலோகத்தை அரித்தது. மரச்சாராயம் எனப்படும் மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் அடிக்கடி ஊற்றி நிரப்பவேண்டியிருந்தது. அதன் ஆவி தீப்பிடிக்கும். பெட்ரோல் ஆவி தேங்கும் படகின் அடித்தட்டுக்கு அது ஆகவே ஆகாது. கிளிசரின் பாதுகாப்பானது என்றாலும் குளிரில் கெட்டிப்பட்டது.

பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1850களின் பிற்பகுதியில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய எத்திலீன் கிளைக்கால், யூனியன் கார்பைடு நிறுவனம் 1920களில் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியபின் வண்டிகளுக்கு வந்தது. 1927 முதல் அது பிரெஸ்டோன் என்ற பெயரில் விற்பனையானது. ஆவியாகாத இந்தத் திரவத்தைக் குளிர்காலம் முழுக்க விட்டுவைக்கலாம் என்பதே அதன் பெருமை. தண்ணீரோடு சரிபாதி கலந்தால் ஏறத்தாழ −37 டிகிரி வரை உறையாது. தண்ணீரே இல்லாத தூய கிளைக்கால் −13 டிகிரியிலேயே உறைந்துவிடும். நிறைய ஊற்றினால் நிறையப் பாதுகாப்பு என்று எண்ணுவது அதனால் ஆபத்து.

காருக்குத் தீர்வான இந்தக் கலவை, அதாவது கூலன்ட், படகுக்கு உடனே தீர்வாகவில்லை. ஏரித் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் எஞ்சினில் கூலன்டை எங்கே நிறுத்திவைப்பது? இதற்கு விடையாக வந்தது மூடிய சுழற்சி. எஞ்சினுக்குள் கூலன்ட் மட்டும் சுழலும். அதன் வெப்பத்தை வெப்பமாற்றியில் ஏரித் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகும். உப்புநீர் அரிப்பைத் தடுப்பதே இதன் முதன்மையான பயன்; உறைபனிக் காப்பு உடன்வந்த ஆதாயம். அந்தக் காப்பும் பாதி அளவே. வெப்பமாற்றி, வெளித் தண்ணீர் பம்ப், எண்ணெய்க் குளிர்விப்பான், புகை வெளியேறும் குழாயைச் சுற்றிய தண்ணீர் அறை ஆகிய யாவும் வெளித் தண்ணீரைத்தான் தாங்குகின்றன. கூலன்ட் ஊற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் இவற்றை வடிக்க மறந்தவர்கள் வசந்தத்தில் வெடித்த வெப்பமாற்றியைக் கண்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கண்ணாடியிழைப் படகுகள் ஏரிக்கரைக் குடும்பங்களைப் படகுச் சொந்தக்காரர்களாக்கின. வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் எஞ்சினை உள்ளேயும் சுழலியைப் பின்புறம் வெளியேயும் வைத்த அமைப்பை அறிமுகப்படுத்தியது. 1961இல் மெர்க்குரி நிறுவனத்தின் மெர்குரூசர் பின்தொடர்ந்தது. கார் தொழிற்சாலைகளில் வார்த்த இரும்பு வி-8 எஞ்சின்களை ஏரித் தண்ணீரே நேராகக் குளிர்வித்த இந்த வகைப் படகுகளில்தான் உறைபனிச் சேதம் வீட்டுப் பிரச்சினையாகப் பரவியது. எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீரை வடிக்க ஒரு டிரெயின் பிளக், புகைக் குழாய்களில் தனித்தனிப் பிளக்குகள், பம்பின் ஹோஸ்கள் என்று திறக்கவேண்டிய இடங்கள் பெருகின. பலவற்றைக் கை எட்டாத மூலையில் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டவில்லையென்றால் உள்ளே தண்ணீர் இல்லை என்று பொருளாகாது. துருவும் ஏரி மணலும் சேறும் படிந்து துளையை அடைத்திருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் துளைக்குள் கம்பியை விட்டுக் குடைவார். பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாகச் சேறு வரும், அதன் பின்னால் பல லிட்டர் தண்ணீர் கொட்டும். கம்பி விட்டுப் பார்க்காத எஞ்சின்களே வசந்தத்தில் பக்கவாட்டுச் சுவரில் நீளவாக்கில் விரிசல் காட்டின. விரிசல் உட்புறம் விழுந்தால் வெளியே எதுவும் தெரியாது. எஞ்சின் ஆயில் பால்போல வெளுத்துவருவதே அடையாளம்.

பிளாக்கின் பக்கங்களில் உள்ள வட்டத் தகடு மூடிகள் உறைபனியில் தெறித்து எஞ்சினைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இன்றும் மெக்கானிக்குகளிடையே உலவுகிறது. வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் அச்சை வெளியே எடுப்பதற்கான துளைகளின் மூடிகளே அவை. சில நேரம் மூடி தெறித்து எஞ்சின் பிழைத்ததுண்டு. மூடியும் தெறித்துச் சுவரும் பிளந்ததும் உண்டு.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. தரையில் சிந்தியதை நக்கிய நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. தண்ணீர் வெளியே போய்ச் சேரும் படகு எஞ்சினில், ஏரியில் கலந்துவிடும் அந்த நஞ்சுக்கு இடமில்லை. அதனால் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு நிறத் திரவம் படகுகளுக்கும் பயண வீட்டு வண்டிகளின் குடிநீர்க் குழாய்களுக்கும் வழக்கமானது. பெட்டியில் −45 டிகிரி என்று அச்சிட்டிருந்தாலும் அது குழாய் வெடிக்காத வரம்பு. திரவம் அதைவிட வெகு மேலான வெப்பநிலையிலேயே கூழாகத் தொடங்கிவிடும். மீந்த தண்ணீரோடு கலந்தால் அந்த வரம்பும் குறையும்.

இங்கே தெர்மோஸ்டாட் ஒரு கண்ணியாக அமைகிறது. எஞ்சின் சூடேறும்வரை மூடியிருக்கும் அந்த வால்வு, குளிர்ந்த எஞ்சினில் ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தைப் பிளாக்குக்குள் முழுதாகப் போகவிடாமல் பக்கவழியே திருப்பிவிடும். புகைக் குழாயில் அந்த நிறம் வந்ததைக் கண்டு வேலை முடிந்தது என்று பலர் நம்பினார்கள். பிளாக்கில் பழைய ஏரித் தண்ணீர் அப்படியே இருந்தது. ஆகவே பிளக்குகளைத் திறந்து வடித்துவிட்டு, பிறகே திரவத்தை நிரப்புவது என்ற வரிசை நிலைபெற்றது. இத்துறையில் கற்ற பாடங்களில் மிகவும் விலை கொடுத்துக் கற்றது இதுவே.

உறைபனிச் சேதம் அமெரிக்காவின் வடமாநிலங்களோடு நிற்கவில்லை. மின்னசோட்டாவில் அக்டோபர் வந்தாலே எல்லாரும் எஞ்சினை வடிப்பார்கள்; டெக்சாஸில் அந்தப் பழக்கம் இல்லை. 2021 பிப்ரவரியில் டாலஸ் நகரத்தில் வெப்பநிலை −19 டிகிரிக்குச் சரிந்தபோது வீடுகளின் குழாய்களே பரவலாக வெடித்தன. திடீர் குளிரில் கரையேற்றிய படகே அதிக ஆபத்தில் இருக்கும். தண்ணீரில் மிதக்கும் படகின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பம் சிறிது காக்கும். டிரெய்லர் மேல் நிற்கும் படகை நான்கு பக்கமும் காற்று குளிர்விக்கும். எஞ்சினை முறையாக வடிக்காமல் உடையவிட்ட சேதத்தைப் பல அமெரிக்கப் படகுக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

அண்மைக் காலத்தில் படகின் பின்விளிம்பில் பொருத்தும் வெளிப்புற எஞ்சின்கள் பின்புறச் சுழலி அமைப்பின் இடத்தைப் பெருமளவு பிடித்துவருகின்றன. ஓல் எவின்ரூட் 1909இல் மில்வாக்கியில் இவற்றை விற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இவ்வகைக்கு ஒரு நற்பேறு உண்டு: எஞ்சின் தண்ணீருக்கு மேலே இருப்பதால், நேராக நிறுத்திவைத்தாலே தண்ணீர் தானாகக் கீழிறங்கிவிடும். சாய்த்து நிறுத்தினால் பள்ளமான இடங்களில் அது தேங்கும். எஞ்சிய அபாயம் அடியிலுள்ள கியர் பெட்டியில் இருக்கிறது. சுழலித் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம் தேய்ந்தால் ஏரித் தண்ணீர் உள்ளே கசியும். அது எண்ணெயின் அடியில் தங்கி உறைந்து, அலுமினியப் பெட்டியைப் பிளந்துவிடும். இலையுதிர் காலத்தில் கியர் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்க்கும் வழக்கம் இதனால் வந்தது. எண்ணெய் வெளுத்திருந்தால் ரப்பர் வளையத்தை மாற்றி, புது எண்ணெய் நிரப்பியபிறகே எஞ்சினைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவைக்கிறார்கள்.