எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கணினியில் தெரியாமற்போதல்

கணினிக்கு வெளியே வைத்துக் கேபிளால் இணைக்கும் வன்தட்டு, இணைத்த பிறகும் திரையில் தோன்றாதிருக்கும் நிலை. டிஸ்க் செத்துவிட்டது என்பது இதற்குப் பொருளன்று. கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், மோட்டார் சுற்றாமல் நின்றாலும், விண்டோஸ் அதற்கு ஒரு டிரைவ் எழுத்தை ஒதுக்க மறந்தாலும் பார்ப்பவருக்குக் காட்சி ஒன்றுதான்: எதுவும் வரவில்லை. பழுது எந்தப் படியில் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே பதற்றத்தில் எதையாவது அழுத்திவிடுவதால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகள் பல அழிகின்றன.

திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையில் உள்ள ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். கேரளத்துக்கு இங்கிருந்து லாரி லாரியாகக் காய் போகிறது. இப்படிப்பட்ட ஊரில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை முக்கியமாக இரண்டு இடங்களில் பார்க்கலாம்: கமிஷன் கடையின் கணக்கு மேசையில், போட்டோ ஸ்டூடியோவில். எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி, எந்த வியாபாரி எவ்வளவு தர வேண்டும் என்பது முதலாவதில் இருக்கும். ஸ்டூடியோவில் இருப்பது இன்னும் கனமான பொருள். வைகாசியிலும் ஆவணியிலும் எடுத்த கல்யாணங்கள் ஆல்பம் ஆகும்வரை ஒரே டிஸ்க்கில் கிடப்பதுண்டு. கணக்கைத் துண்டுச்சீட்டுகளைப் பார்த்து மறுபடி எழுதிவிடலாம். தாலி கட்டிய நேரத்தை மறுபடி படம் பிடிக்க முடியாது.

மின்சாரம் முதல் கோப்புப் பெயர் வரை

பையில் போட்டுக்கொண்டு போகும் 2.5 அங்குல டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் செய்யும் முனை, அதாவது ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதக்கிறது. கேபிளைச் செருகியதும் முதலில் மின்சாரம் வர வேண்டும். பிறகு மோட்டார் முழு வேகம் எட்ட வேண்டும். ஹெட் தன் நிறுத்துமிடத்திலிருந்து இறங்கி, தட்டிலேயே எழுதி வைத்திருக்கும் டிஸ்க்கின் சொந்த நிரலைப் படிக்க வேண்டும். அதன் பின்தான், பெட்டிக்குள் இருக்கும் சிறு இணைப்பு போர்டு 'நான் இன்ன டிஸ்க், என் அளவு இவ்வளவு' என்று கணினிக்குச் சொல்லும். கணினி அதன் பிறகு பார்ட்டிஷன் அட்டவணையையும் கோப்பு முறையையும் படித்து, ஓர் எழுத்தை ஒதுக்கி, கோப்புப் பெயர்களைக் காட்டுகிறது.

இந்த வரிசை எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்து அடையாளமும் மாறும். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம். விளக்கு எரிந்தும் அசைவு இல்லை என்றால் மோட்டார் அல்லது மின்சாரக் குறைவு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் இருந்தும் அளவு இல்லை என்றால், இணைப்பு போர்டு பேசுகிறது, டிஸ்க் பதில் சொல்லவில்லை. சரியான அளவோடு தெரிந்தும் திறக்கவில்லை என்றால் இயந்திரம் ஓரளவு நலமாக இருக்கிறது, எழுதி வைத்த அட்டவணையிலோ கோப்பு முறையிலோதான் கோளாறு.

கேபிள், போர்ட், அடாப்டர்

மிக எளிய காரணமும் அடிக்கடி வரும் காரணமும் கேபிள்தான். யூ.எஸ்.பி. 3.0 டிஸ்க்குகளில் வரும் அகலமான, நடுவில் பள்ளம் விழுந்த செருகி மெல்லியது. டிஸ்க்கைக் கேபிளோடு சுருட்டிப் பையில் திணிக்கும்போது அதன் கழுத்தில் கம்பி அறுகிறது. சில நேரம் போர்டில் பற்றவைத்த சாக்கெட்டே ஆடிவிடுகிறது. கையால் அழுத்திப் பிடித்தால் வந்து, விட்டால் போகும் டிஸ்க்குக்கு முதலில் வேறு கேபிள் போட்டுப் பார்க்க வேண்டும். பிடித்துக்கொண்டே காப்பி எடுப்பது ஆபத்து.

யூ.எஸ்.பி. 2.0 போர்ட் விதிப்படி 500 மில்லிஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900 தரும். மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் டிஸ்க் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டும், மின்சாரமில்லாத மலிவான ஹப்பும் இங்கேதான் கைவிடுகின்றன. கணினியின் பின்பக்கத்தில் நேராகச் செருகியதும் டிஸ்க் உயிர் பெறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உண்டு. அதன் முள்ளும் மடிக்கணினி அடாப்டரின் முள்ளும் சில சமயம் ஒரே அளவில் இருப்பதால், மேசைக்கடியில் தேடி எடுத்த 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுகிறார்கள். போர்டில் காவலுக்கு வைத்த ஒரு டையோடு அப்போது தன்னைச் சுட்டுக்கொண்டு ஷார்ட் ஆகிறது. டிஸ்க்கில் விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை. பார்க்கப் பெரிய சாவு போலிருந்தாலும், அந்த டையோடு மட்டும் போயிருந்தால் கைதேர்ந்த டெக்னீஷியனுக்கு இது சின்ன வேலை.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது இன்னொரு வகை. 2012 வாக்கில் தமிழ்நாடு நெடுநேர மின்வெட்டில் தவித்த நாட்களை மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாதி எழுதிய அட்டவணையோடு டிஸ்க் நின்றுவிட்டால் தட்டும் ஹெட்டும் நலமாகவே இருக்கும், கோப்பு முறை மட்டும் சிதைந்திருக்கும்.

காதை வைத்துக் கேட்பது

டிஸ்க்கை மேசையில் சமமாக வைத்து, மேலே உள்ளங்கையை லேசாகப் பதித்துக்கொண்டு கேபிளைச் செருக வேண்டும். நல்ல டிஸ்க்கில் முதலில் மெல்லிய நடுக்கம் ஏறும். தொலைவில் குளவி பறப்பதுபோல ஓர் இரைச்சல். பிறகு இரண்டு மூன்று சின்ன 'டிக்'. அதன்பின் ஒரே சீரான ஓட்டம். சீராக ஓடியும் திரையில் தெரியாத டிஸ்க்குக்கு நம்பிக்கை அதிகம்.

'டக்… டக்… டக்…' என்று ஒரே இடைவெளியில் அடித்துவிட்டு ஓய்ந்தால் ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. 'பீப் பீப்' என்று முனகினால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டோ தாங்கி இறுகியோ மோட்டார் கிளம்ப முடியவில்லை. இந்த இரண்டு ஒலியில் எது கேட்டாலும் உடனே கேபிளைப் பிடுங்க வேண்டும். இன்னொரு தரம் பார்ப்போம், இன்னொரு கணினியில் பார்ப்போம் என்று திரும்பத் திரும்பப் போடும் ஒவ்வொரு தரமும் ஹெட் தட்டைச் சுரண்டக்கூடும். சுரண்டிய இடத்தில் இருந்த படத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

எஸ்.எஸ்.டி. வகையில் இந்தச் சோதனைக்கு இடமில்லை, அதில் சுழல்வது எதுவுமில்லை.

மலை ஏறி இறங்கும் டிஸ்க்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூர், தாண்டிக்குடி வழியாக மலைக்குப் பாதை போகிறது. மேலே எடுத்துப் போனதால் டிஸ்க் கெட்டது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஹெட்டைத் தாங்குவது காற்று. உயரம் கூடினால் காற்று மெலிந்து ஹெட் தாழ்கிறது. ஆனால் சாதாரண டிஸ்க்குகளை 3,000 மீட்டர் உயரம் வரை இயக்கலாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். உயரத்தின்மேல் பழி போட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது ஈரம். மலையின் இரவுக் குளிரில் கிடந்த டிஸ்க்கைக் காலையில் கீழே கொண்டுவந்தால், அடிவாரத்தின் வெதுவெதுப்பான காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த உலோகத்தின்மேல் பனிக்கும். காற்றடைத்த வகை டிஸ்க்கில் காற்று போய்வர வடிகட்டியுள்ள சிறு துளை ஒன்றும் இருக்கிறது. பையைத் திறக்காமலே சில மணி நேரம் வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு இணைப்பது நல்லது. கெட்ட டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற பழைய வைத்தியத்தை இதே காரணத்துக்காக ஒதுக்கிவிட வேண்டும்.

அதே கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இலக்கமாக்கியிருக்கிறது. பழைய புகைப்படத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் சூரியப் புள்ளி கண்ணுக்கே தெரியும். டிஸ்க்கில் உள்ள பிரதியைப் பார்க்க முன் சொன்ன வரிசை முழுவதும் அறுபடாமல் இருக்க வேண்டும்.

திரை கேட்கும் கேள்விகள்

விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் நிலவரம் தெரியும். டிஸ்க்கும் பார்ட்டிஷனும் ஒழுங்காக இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது கிளிக்கில் ஓர் எழுத்தைக் கொடுத்ததும் முடிந்தது வேலை. வேறொரு டிரைவ் அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படி நேரும். மேக் கணினியின் சொந்தக் கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. அதைப் பழுதென்று எண்ணி அழித்தவர்கள் உண்டு.

இனி வருவன ஆபத்தான கேள்விகள். 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று கேட்டாலும், டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று சொன்னாலும், விடை கேன்சல்தான். கணினி இங்கே சொல்வது 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்பது மட்டுமே. உள்ளே ஒன்றுமில்லை என்பதன்று. கோப்பு முறை 'ரா' என்று காட்டினாலும் பொருள் இதுவே. பழுதுபார்க்கும் 'செக் டிஸ்க்' கட்டளையையும் இந்த நேரத்தில் ஓட விடக்கூடாது. கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலையன்று. ஒழுங்குக்கு வராதவற்றைக் கழித்துவிட்டு அட்டவணையைச் சரிசெய்வதே அதன் வேலை.

மீட்பு

டிஸ்க் கெட்ட ஒலி எதுவுமில்லாமல் ஓடி, அளவும் சரியாகக் காட்டினால் முதலில் முழுப் பிரதி எடுக்க வேண்டும். 'டிடி-ரெஸ்க்யூ' என்ற இலவச லினக்ஸ் நிரல் இதற்கென்றே எழுதப்பட்டது: எளிதில் படியும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். தேடலெல்லாம் அந்தப் பிரதியில்தான். பார்ட்டிஷனை 'டெஸ்ட்-டிஸ்க்' தேடும். 'போட்டோ-ரெக்' படங்களை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு பொறுக்கும். ஆனால் பெயர் வராது. ஆவணி மாதத்துக் கல்யாணங்கள் அத்தனையும் வெறும் எண்களாகக் கலந்து வந்து, முகம் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மூடியைக் கழற்றிப் பார்ப்பது கூடாது. வெங்காயச் சருகு பறக்கும் சந்தைத் தெருவில் மட்டுமல்ல, துடைத்து வைத்த வீட்டறையிலும் ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிய தூசி மிதக்கிறது. அந்த வேலைக்குத் தூசி வடிகட்டிய தனி அறை வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு முடியும் என்பதற்கு கொலம்பியா விண்கலமே சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று அது வானில் சிதறியபோது விழுந்த ஒரு டிஸ்க், மாதக்கணக்கில் மண்ணில் கிடந்து, உருகிய உறையோடு கிடைத்தது. தட்டுகள் கெடாமல் இருந்ததால் தகவலில் ஏறக்குறைய 99 விழுக்காடு மீண்டது; அதிலிருந்த செனான் வாயு ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது.

போர்டு போயிருந்தால் அதே மாடல் டிஸ்க்கின் போர்டை மாற்றினால் போதும் என்பது பழைய காலத்து வழி. இப்போது ஒவ்வொரு போர்டின் நினைவகத்திலும் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் உள்ளன. அவற்றையும் மாற்றி ஏற்ற வேண்டும். சில டிஸ்க்குகளில் பெட்டியின் இணைப்பு போர்டே தகவலைப் பூட்டி எழுதுகிறது, பாஸ்வேர்டு போடாதவருக்கும் அப்படித்தான். உள்ளிருக்கும் டிஸ்க்கை மட்டும் உருவி வேறு பெட்டியில் போட்டால் புரியாத எண்கள்தான் வரும்.

மீட்பு நிலையத்துக்கு அனுப்பும்போது டிஸ்க்கை நிலைமின் தடுக்கும் உறையில் இட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்துக் கட்ட வேண்டும். கீழே விழுந்ததா, என்ன ஒலி வந்தது, எந்தெந்த நிரலை ஓட்டினோம் என்று மறைக்காமல் ஒரு தாளில் எழுதி வைத்தால் பார்ப்பவருக்குப் பாதி வேலை குறையும். கழற்றிய பெட்டியையும் அதன் சிறு போர்டையும் தூக்கிப் போடாமல் கூடவே அனுப்ப வேண்டும், கேபிளையும்.