கடிதப் பக்கம்

சித்திரக்கதை என்றவுடன் அது சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே ஒதுக்கியவர்தாம். 2001-ஆம் ஆண்டில், மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளராகத் தில்லிக்கு வந்த புதிதில், ஞாயிறுதோறும் தரியாகஞ்ச் நடைபாதையில் பழைய அகராதிகளைத் தேடி அலைவது நமக்கு வழக்கமாயிருந்தது. அப்படி ஒரு நாள் வாங்கிய அகராதியோடு மூன்று அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1982-ஆம் ஆண்டு இதழ்கள் அவை. எண்கள் 290, 291, 293. தொடரின் பெயர் 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்'. தமிழில் 'மாவீரர் சேனை' என்று வைத்துக்கொள்ளலாம்.

கதை நமக்கு உடனே விளங்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்ட முப்பதாம் நூற்றாண்டில், பல கோள்களிலிருந்து வந்த இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர், ஆளுக்கொரு வல்லமையுடன் ஒரு சங்கம் அமைத்து வாழ்கின்றனர் என்ற மட்டில் புரிந்தது. நம்மைப் பிடித்து நிறுத்தியது இதழின் கடிதப் பக்கம். எந்தப் பாத்திரம் எந்த இதழில் என்ன சொன்னது, அது பின்னர் வந்த கதையோடு எவ்வாறு பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்றெல்லாம் வாசகர்கள் எழுதியிருந்தனர். அலுவலகக் கோப்பில் முன்னைய குறிப்புகளை எண்ணிட்டு மேற்கோள் காட்டும் பிரிவு அதிகாரிகூட அத்துணைக் கவனம் காட்டமாட்டார். கற்பனையான ஒரு சங்கத்தின் சரித்திரத்தை இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காப்பவர் யார் என்று அறியும் ஆவல் அன்று பிறந்தது.

இச்சேனை முதன்முதலில் தோன்றியது 1958 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' 247-ஆம் இதழில். எழுதியவர் ஆட்டோ பைண்டர். வரைந்தவர் ஆல் பிளாஸ்டினோ. சூப்பர்மேனின் இளமைப் பருவமான சூப்பர்பாய் வாழும் சிற்றூருக்கு, எதிர்காலத்திலிருந்து மூன்று இளைஞர் காலவண்டியில் வருகின்றனர். தங்கள் சங்கத்தில் சேர அவனை அழைத்துச் சென்று, மூன்று பரீட்சைகள் வைத்து, மூன்றிலும் தோற்றுவிட்டாய் என்று கூறிக் கலங்க வைத்து, இறுதியில் எல்லாம் வேடிக்கைக்கே என்று சொல்லிச் சேர்த்துக்கொள்கின்றனர். கதை அவ்வளவே. ஒரு முறை வந்து போகும் விருந்தாளிகளாகத்தான் அவர்கள் படைக்கப்பட்டனர். ஆனால் வாசகருக்கு அவர்கள் மனத்தில் நின்றுவிட்டார்கள். 1959 டிசம்பரில் மீண்டும் தலைகாட்டினர். பின்னர் அடிக்கடி வந்தனர். 1962 செப்டம்பரில் வெளிவந்த 300-ஆம் இதழ் முதல் அந்தப் பத்திரிகையில் நிலையான இடம் பெற்றனர்.

பெயர்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. முதல் மூவரில் ஒருத்தி சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டானிலிருந்து வந்தவள். பிறர் மனத்தைப் படிக்க வல்லவள். பெயர் சாட்டர்ன் கேர்ள். இதை 'சனிப்பெண்' என்று பெயர்த்தால் எந்தத் தமிழ் வீட்டில் அவளை உள்ளே விடுவார்கள்? எப்பொருளையும் தின்று செரிக்கும் ஓர் இளைஞனும் உண்டு. பந்துபோல் உப்பித் துள்ளும் ஒருவனும் உண்டு. பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பத்து வயதுச் சிறுவனுக்கு, பந்துபோல் துள்ளுபவனுக்கும் வீரர் சபையில் ஓர் ஆசனம் உண்டு என்பது சிறிய செய்தி அன்று.

1963 மார்ச் இதழில் ஆசிரியர் எட்மண்ட் ஹாமில்டன் இன்னும் ஒரு படி சென்றார். அறிவியற் கதைகளில் முன்னரே பெயர் பெற்றவர் அவர். சேனையில் சேர விண்ணப்பித்துத் தள்ளப்பட்டவர்கள் ஒன்றுகூடி 'மாற்று வீரர் சேனை' என ஒரு சங்கம் அமைத்து, எவரும் அறியாமல் உலகைக் காக்கிறார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்தவன் போலார் பாய் என்னும் குளிர் வல்லமையுடைய இளைஞன். 1980-களில் அவன் சேனையிலேயே இடம் பெற்றான். தலைவரை வாசகர் வாக்கால் தேர்ந்தெடுத்த அக்காலத்தில் தலைவனாகவும் ஆனான். இருபதாண்டுக்கு மேல் ஒரு பாத்திரத்தின் அவமானத்தை நினைவில் வைத்திருந்து, வாய்ப்பு வந்தபோது தபாலில் வாக்கனுப்பி அதைத் துடைத்த வாசகரை என்னவென்று சொல்வது!

வாசகர் கடிதம் எழுதினர் என்றோம். அவர்களுள் ஒருவர் வேறுவிதமான கடிதம் அனுப்பினார். பிட்ஸ்பர்க் நகரில் 1951-இல் பிறந்த ஜிம் ஷூட்டர் என்ற அச்சிறுவர், பன்னிரண்டு வயதில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது சித்திரக்கதைகளைப் படித்தார். எந்தப் பத்திரிகையின் கதை விறுவிறுப்பானது, எது சப்பென்றிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். சேனையின் கதைகள் இன்னும் நன்றாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. குறை கூறிக் கடிதம் எழுதுவதோடு நில்லாமல், 1965-இல், பதின்மூன்று வயதில், ஒரு முழுக் கதையையே எழுதி, கட்டங்கட்டமாகப் படமும் குறித்து, பத்திராதிபர் மார்ட் வைசிங்கருக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டார். குடும்பத்தில் பண நெருக்கடி; கதை விற்றால் வீட்டுக்கு உதவும் என்பதும் ஒரு காரணம். வைசிங்கர் கதையை வாங்கிக்கொண்டார். மேலும் எழுதச் சொன்னார். 1966 ஜூலை தேதியிட்ட 346-ஆம் இதழில் ஷூட்டரின் கதை வெளிவந்தபோது அவருக்கு வயது பதினான்கு. வைசிங்கர் மிகக் கடுமையான எசமானர் என்று ஷூட்டரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பள்ளிப் பாடமும் கதைக் கெடுவும் ஒருங்கே நெருக்க, அந்தப் பிள்ளை எப்படிச் சமாளித்ததோ!

முதற்கதையிலேயே ஷூட்டர் புதிய வீரர் சிலரைச் சேர்த்தார். அவர்களுள் ஒருவன் இரும்பாக மாற வல்ல ஃபெர்ரோ லாட், முகமூடி அணிந்தவன். முகமூடிக்குள் இருப்பது ஒரு கறுப்பின இளைஞனின் முகம் என்று பின்னர் வெளிப்படுத்த ஷூட்டர் கருதியிருந்தார், பத்திராதிபர் இடங்கொடுக்கவில்லை. பச்சைத் தோலுடையவனும் ஆரஞ்சு நிறத்தவனும் சேனையில் அமர்ந்திருந்தனர்; கறுப்பின இளைஞனுக்கு மட்டும் முப்பதாம் நூற்றாண்டிலும் இடமில்லை. 1967 பிப்ரவரி இதழில் ஃபெர்ரோ லாட், கதிரவனை விழுங்க வந்த பேருருவத்தினுள் வெடிகுண்டோடு புகுந்து உயிர் துறந்தான். 1963 ஜனவரியில் மாண்ட மின்னல் வீரன் அதே ஆண்டு செப்டம்பர் இதழில் உயிர்த்தெழுந்ததுபோல் இவனும் எழுவான் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். சேனையில் முதல் கறுப்பின வீரனாக டைராக் என்பவன் தோன்றியது 1976-இல். தொடர் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

இதற்கிடையே சேனை வீழ்ச்சியையும் கண்டது. 1969-இல் 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' பத்திரிகையிலிருந்து அது நீக்கப்பட்டு, வேறொரு பத்திரிகையின் பின்பக்கங்களில் சிறு கதையாகச் சுருங்கியது. 1970-இல் அதுவும் நின்றது. பின்னர் சூப்பர்பாயின் பத்திரிகையில் எப்போதாவது ஒரு கதை வந்தது. இந்நிலையில்தான் வாசகரின் பற்று முழு உருவில் வெளிப்பட்டது. 1972-இல் அன்பர் சிலர் சேனைக்கென்றே ஒரு ரசிகர் மன்றம் அமைத்து, 'லீஜன் அவுட்போஸ்ட்' என்ற பத்திரிகையை வெளியிடலாயினர். பதிப்பகத்தார் கைவிட்ட சரித்திரத்தை வாசகர் தம் செலவில் நடத்தினர் என்று சொல்ல வேண்டும். அதே காலத்தில் டேவ் காக்ரம் என்ற ஓவியர் சேனையை வரைய வந்து, பழைய உடைகளை மாற்றிப் புதுக்களை ஊட்டினார். 1973-இல் சூப்பர்பாயின் பத்திரிகைத் தலைப்பிலேயே சேனையின் பெயரும் ஏறிற்று. 1980 ஜனவரி முதல் சூப்பர்பாயின் பெயர் போய், சேனையின் பெயர் மட்டுமே நின்றது.

1976-இல் அன்பர்கள் வேறொரு ஏற்பாடும் செய்தனர். சேனையின் உலகில் எல்லாக் கோளினரும் பேசும் பொதுமொழிக்கு 'இன்டர்லாக்' என்று பெயர். அப்பெயரையே தம் கூட்டத்துக்குச் சூட்டிக்கொண்டனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கருத்துகளைச் சில பக்கங்களில் எழுதி, எத்தனை உறுப்பினரோ அத்தனை பிரதி எடுத்து, ஒருவருக்கு அனுப்புவர். அவர் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டி, ஆளுக்கொரு கட்டாக அஞ்சலில் சேர்ப்பார். அடுத்த கட்டில், முன்கட்டுக்கு மறுமொழி எழுதப்படும். நேரிற் காணாதவர்கள் பல்லாண்டுகள் இவ்வாறு உரையாடினர். அம்மொழியைப் பற்றி நமக்கு ஒரு சிரிப்பும் உண்டு. கதையில் வரும் இன்டர்லாக் எழுத்துகளை ஆர்வத்தோடு எழுத்துக் கூட்டிப் பார்த்தோம். ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாக மாற்றிவைத்த ஆங்கிலமே அது. அண்டம் முழுவதற்கும் பொதுமொழி வகுக்கப் புகுந்தவர்கள் தம் வீட்டு மொழிக்குப் புதுச்சட்டை தைத்துவிட்டு அமைந்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலையில்லை.

வாசகராயிருந்தவர் எழுத்தாளராவது இத்தொடரில் ஒரு மரபாயிற்று. பள்ளிப் பருவத்திலேயே ரசிகர் செய்தித்தாள் நடத்திய பால் லெவிட்ஸ் 1970-களில் சேனையின் கதையை எழுத வந்தார். இடையில் விலகி, 1980-களில் நெடுங்காலம் மீண்டும் எழுதினார். 2002 முதல் 2009 வரை பதிப்பகத்தின் தலைவராகவே விளங்கினார். நமக்குத் தரியாகஞ்சில் கிடைத்தவை லெவிட்ஸும் ஓவியர் கீத் கிஃபெனும் சேர்ந்து படைத்த 'மாபெரும் இருள்' என்ற ஐந்து பகுதிக் கதையின் மூன்று பகுதிகளே. 1989-இல் கிஃபெனுடன் கதையெழுதச் சேர்ந்த டாம், மேரி பியர்பாம் தம்பதியரும் ரசிகர் வட்டத்திலிருந்து வந்தவர்கள்.

ஆயினும் உரிமை பதிப்பகத்தாருடையது. 1986-இல் சூப்பர்மேனின் கதையைப் புதிதாகத் தொடங்க முடிவு செய்தபோது, அவனுக்கு வீர இளமைப் பருவமே இல்லை என்று ஆக்கிவிட்டனர். சூப்பர்பாய் இல்லை என்றால், அவனை முன்மாதிரியாகக் கொண்டு பிறந்த சேனைக்கு வேர் ஏது? குலத்தின் மூதாதையை ஏட்டிலிருந்து அழித்துவிட்டு, வழித்தோன்றல்கள் நலமாக வாழ்க என்று வாழ்த்துவது போன்ற செயல் அது. 1987-இல் ஏதோ சமாதானம் சொல்லி, சூப்பர்பாயைக் கதையில் மடியச் செய்தனர். முரண்கள் ஓயவில்லை. 1994-இல் முப்பத்தாறு ஆண்டுச் சரித்திரத்தை ஒரேயடியாகத் துடைத்துவிட்டு, முதல் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கினர். பத்தாண்டு சென்றபின் அதையும் விட்டு, மூன்றாம் முறை தொடங்கினர். 2019-இல் மற்றொரு தொடக்கம். அது பன்னிரண்டு இதழ்களோடு நின்றது.

புதிதாக வரும் வாசகர் பழைய கதையின் பாரத்தைத் தாங்கமாட்டார் என்பது பதிப்பகத்தாரின் நியாயம். அது முழுதும் பொய்யன்று. 293-ஆம் இதழைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர் என்ற முறையில் நாமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பாரந்தான் நம்மை உள்ளே இழுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளாக யார் யாரை மணந்தார், யார் எதற்காக இறந்தார் என்று மனத்தில் வைத்திருந்தவரிடம், அவை நடக்கவில்லை என்று ஒரு நாள் சொல்வது எளிய செயல் அன்று. நடக்காதவைதாமே, கற்பனைதானே என்று கேட்கலாம். கற்பனை என்பதை அறியாதவர் அவர்களுள் எவர்?

பழைய கதைகள் அழிந்துபோகவில்லை. 1991 முதல் அவை கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளிவந்தன. 'மாபெரும் இருள்' முழுவதையும் ஒரு தொகுதியில் பின்னர் நாம் படித்து முடித்தோம். நல்ல தாள், தெளிந்த வண்ணம். ஆனால் இத்தகைய தொகுதிகளில் பொதுவாகக் கதைகளை மட்டுமே சேர்ப்பார்கள். கடிதப் பக்கங்களை விட்டுவிடுவார்கள். சேனையைத் தூக்கி நிறுத்திய கடிதங்களும், வாக்கெடுப்புச் செய்திகளும், 'அந்த இதழில் இவ்வாறு சொன்னீர்களே' என்ற வழக்குகளும் பழுப்பேறிய பழைய இதழ்களில் மட்டுமே தங்கியிருக்கின்றன.

தரியாகஞ்ச் நடைபாதைச் சந்தை 2019-இல் அவ்விடத்தை விட்டு அகற்றப்பட்டு, அருகில் மகிளா ஹாட் வளாகத்துக்குள் மாற்றப்பட்டது. அங்கும் நாம் போவதுண்டு. 292-ஆம் இதழும் 294-ஆம் இதழும் நம்மிடம் இன்னும் இல்லை. கதை தெரியும், 293-இல் ஒருவர் எழுப்பியிருந்த கேள்விக்குப் பத்திராதிபர் பின்னர் என்ன விடை கூறினார் என்பதுதான் தெரியவில்லை.