துண்டுச் சீட்டும் தொழிலாளர் நலச் சங்கமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்தது முரசுமோட்டை. இவ்வூரை உள்ளிட்ட கிளிநொச்சி மாவட்டத்தில், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து பெயர்ந்து குடியேறியோர் பலர். அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். அவர்களை வேலைகொண்ட தோட்ட முதலாளிகளை அக்காலத்திற் கேள்வி கேட்டவர் யாவர் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1865 ஆம் ஆண்டின் தொழிற் சட்டம், தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிட இடந்தந்தது. உடன்பாட்டை மீறுதல் பிற துறைகளிற் பண வழக்கு. தோட்டத்திலோ அது குற்றம். இதற்குத் துணை நின்றது கடன். ஊரிலே கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிற் பற்றெழுதப்பட்டன. வேறு தோட்டத்துக்குச் செல்ல விழைவோன் 'துண்டு' என்னுஞ் சீட்டுப் பெறல் வேண்டும். இன்ன தொகையைச் செலுத்துவோர் இவனை ஏற்கலாம் என்று பழைய துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் மட்டும் ஆளோடு தொடர்ந்து செல்லும். ஆளை விற்கவில்லை, கடனையே மாற்றினோம் என்று துரைமார் கூறலாம். ஆயின் கடனோடு ஆளும் சென்றான் அன்றோ?

சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்திய அரசாங்க உத்தியோகத்தர். எண்களையும் சட்டத்தையும் நன்கறிந்தவர். 1913 இல் ஓய்வு பெற்ற அவர், 1919 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெரி. சுந்தரம் அதன் செயலாளர். தொழிலாளரைச் சிறையிடும் விதிகளை ஒழித்தல் வேண்டும் என்பது அச்சங்கத்தின் தலையாய கோரிக்கையாயிற்று. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்தையொட்டியே நீங்கின.

இவ்வெற்றி முழுதும் கொழும்புக் கனவான்களின் வேண்டுகோளால் விளைந்தது என்று கொள்ளுதல் மிகையாகும். தமிழகத்துத் தொழிலாளர் வாராவிடில் தேயிலைத் தோட்டம் நடவாது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த கிளர்ச்சி அந்நாட்டு அரசாங்கத்தை அசைத்தது. 1922 இல் அது இயற்றிய குடியகல்வுச் சட்டத்தின்படி, தொழிலாளர் நிலையைக் கண்காணிக்க இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் இலங்கையில் அமர்த்தப்பட்டார். தோட்டக்காரருக்கு அறவுரையினும் ஆள் கிடையாமற்போகும் அச்சமே வலிதாயிருந்தது என்பது எம் கருத்து. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டமும் இவ்விரு கரைகளின் நெருக்குதலாலேயே பிறந்தது.

சங்கத்தின் குறையும் ஒன்றுண்டு. தொழிலாளருக்காகப் பேசிய அது தொழிலாளரைத் தன்னுள் திரட்டவில்லை. அப்பணியைத் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் மேற்கொண்டு, 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டிசைத்துக் கூட்டங்களுக்கு மக்களைத் திரட்டினார். துரையின் அனுமதியின்றித் தோட்டத்துள் அயலார் நுழைதல் அரிதாயிருந்த அந்நாளிலே, லயத்து மக்கள் தம் குறையைத் தாமே கூறத் தொடங்கியது அங்ஙனமே.