சேலம் கரட்டில் தோட்டாவின் கதை: கைத்துப்பாக்கித் தோட்டா ரைபிள்கள் இங்கு ஏன் வேர்விடவில்லை?

இடுப்பில் செருகும் ரிவால்வருக்கும் தோளில் அணைக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா என்ற வழக்கம் அமெரிக்காவில்தான் வேர்விட்டது. வின்செஸ்டர் நிறுவனம் 1873-இல் .44-40 தோட்டாவோடு தன் புகழ்பெற்ற லீவர் ரைபிளை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. ஒரு பெட்டித் தோட்டா வாங்கினால் இரண்டுக்கும் ஆயிற்று. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டம் வேட்டைக்குப் பேர்போன நிலம். அங்கே இந்த வகைத் துப்பாக்கி நிலைக்கவில்லை. துல்லியக் குறைவு அதற்குக் காரணமில்லை. நிலமும் இடம் கொடுக்கத்தான் செய்தது. தடுத்தது சட்டத்துக்குப் பின்னிருந்த அரசின் அச்சம். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

முதலில் துல்லியம். கைத்துப்பாக்கித் தோட்டாவை நீளக் குழலில் சுடும்போது மருந்து எரிந்து முடியக் கூடுதல் இடம் கிடைக்கிறது. 1935-இல் வந்த .357 மேக்னம் இதற்கு நல்ல சான்று. 10 கிராம் குண்டு ரிவால்வரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 380 மீட்டர் வேகத்தில் புறப்படும். கார்பைன் என்னும் குட்டை ரைபிளின் குழலில் அது 550 மீட்டரை எட்டும். குண்டின் ஆற்றல் இருமடங்காகிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதாலும், தோளும் இரு கைகளும் தாங்குவதாலும் குறியும் நிலைக்கிறது. 100 மீட்டரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் குண்டுகளை இறக்குவது பழகிய கைக்குக் கடினமில்லை. அதற்கு அப்பால்தான் தொல்லை. குண்டு குட்டையானது, முனை மழுங்கியது. காற்று அதைச் சீக்கிரம் தளர்த்திவிடும். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த .44-40 ரைபிளில் 200 கெஜத்தில் சுட்டால் குண்டு இரண்டடிக்கும் மேல் தாழ்ந்து விழும். ஆக, இது நூறு மீட்டர் ஆயுதம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கண்ணுக்கு எட்டும் தூரமும் அநேகமாக அவ்வளவுதான். கஞ்சமலை, ஜருகுமலை, போதமலை அடிவாரங்களில் உசிலையும் வேலமும் மண்டிய கரடு. நடுவே மரவள்ளி, சோளக் காடு. காட்டுக்கு நடுவே கொட்டாய்கள். இருட்டு நேரத்தில் பன்றி முப்பது நாற்பது மீட்டரில்தான் கண்ணில் படும். 400 மீட்டர் குறிபார்க்க வேண்டிய திறந்த புல்வெளி இங்கே கிடையாது.

ஆனால் இந்த நிலத்தில் துப்பாக்கியின் கதி வேட்டைக்களத்தில் முடிவாகவில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தன. 1801-இல் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டதும் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு தென்னாட்டுப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1857 கிளர்ச்சியின் நினைவோடு வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878 ஆயுதச் சட்டம் உரிமத்தை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. குடகர்களுக்கு விலக்கு இருந்தது; கொல்லிமலைக்கும் சேர்வராயனுக்கும் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த கட்டத்தில் அரசின் கண் துப்பாக்கியிலிருந்து தோட்டாவுக்குத் திரும்பியது. படை வீரனின் தோட்டா கலகக்காரன் கையிலுள்ள துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே கணக்கு. மார்ட்டினி-ஹென்றிப் படைத்துப்பாக்கி .450 அளவு என்பதால் 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவு வேட்டை ரைபிள்கள் தடைசெய்யப்பட்டன. இங்கிலாந்தின் துப்பாக்கி செய்வோர் அவசரமாக .470, .465 என்று புது அளவுகளை உண்டாக்கினார்கள். யானை வேட்டைத் தோட்டாக்களின் வரலாற்றையே ஓர் இந்தியச் சட்டம் மாற்றியது வியப்பானதுதான். இந்தியப் போலீஸில் பலர் கையிலும் முழு ரைபிள் இல்லை. படையின் என்பீல்டு ரைபிளை வழுவழுக் குழலாக்கி .410 மஸ்கட்டாகக் கொடுத்தார்கள். களவு போனாலும் படை ரைபிளாக அது பயன்படாது. படையின் .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் .315 வந்தது. அது 1890-இன் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைத் தோட்டா. பிரிட்டிஷ் இந்தியப் படை பயன்படுத்தாதது என்பதாலேயே அது அனுமதி பெற்றது. விடுதலைக்குப் பின்னும் இஷாப்பூர் தொழிற்சாலை அதையே செய்துவருகிறது.

இதே மாவட்டத்தில் லீவர் ரைபிள் ஒன்று பெயர் பெற்றதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், அன்று சேலம் மாவட்டமாயிருந்த ஜவளகிரிக் காட்டு ஆட்கொல்லிப் புலியைப் பற்றி 1954-இல் வெளியான தம் முதல் நூலில் எழுதினார். அவர் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர் .405. .44-40 ரைபிளின் அதே குடும்பம், அதே லீவர். தோட்டா மட்டும் வேறு உலகம். .44-40 குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 900 ஜூல்; .405-இன் 19 கிராம் குண்டுக்கு 4,300 ஜூலுக்கு மேல். புலியின் முன் நிற்பவனுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. புலிக்கும் காட்டெருமைக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாவை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பன்றிக்கும் மானுக்கும், அதுவும் அருகில் என்றால் கணக்கு மாறும்.

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இருந்த அந்த வாசலை அடைத்தது 1962 ஆயுத விதிகள். 1959 சட்டத்தின் கீழ் வந்த இவ்விதிகளின் அட்டவணை, .380, .455, படையின் 9 மி.மீ. தோட்டாக்கள் ஏறக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் எல்லாவற்றையும் ஒரே வரியில் தடைப் பட்டியலில் வைத்தது. கார்பைன் எவ்வளவு நீளமானாலும், வேட்டைக்கே செய்யப்பட்டதானாலும் விலக்கில்லை. 1907-இன் அதே தர்க்கம்தான் இது. தனியாருக்கு மிஞ்சிய கைத்துப்பாக்கித் தோட்டாவில் முதன்மையானது கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்குரியது. ஆறு கிராம் குண்டு, ஆற்றல் 150 ஜூல் அளவு. அதை ரைபிளில் போட்டுச் சுட்டாலும் பன்றியின் தோள்பட்டையைத் துளைத்துக் கொல்ல வழியில்லை. படைத் தோட்டாவுக்குத் தடை, எளிதில் கிடைத்த தோட்டாவால் பயனில்லை என்ற நிலையில் இந்த வகைத் துப்பாக்கிக்கு இங்கே சந்தையே உருவாகவில்லை.

காலி இடத்தை இரண்டு ஆயுதங்கள் நிரப்பின. உரிமம் உள்ள மிராசுதாருக்கும் காப்பித் தோட்டக்காரருக்கும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், அதில் எல்.ஜி., எஸ்.ஜி. தோட்டா. மலைவாசிக்கும் நரிக்குறவருக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டை இறக்கி, கடைசியில் நிப்பிளில் கேப்பைப் பொருத்த வேண்டும். ஒரு தூறல் போட்டால் மருந்து நமத்துவிடும். குழலில் மரை இல்லாததால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் குண்டு எங்கே போகும் என்று சுடுபவருக்கே தெரியாது. பெரிய விலங்கு இதில் சுருண்டு விழுவதைவிடக் காயத்தோடு புதருக்குள் ஓடுவதே அதிகம். பிறகு அது நாள்கணக்கில் புழுத்துச் சாகும். படைத் தோட்டாவைக் காப்பாற்ற எழுந்த விதியின் விலையைக் காட்டு உயிர்கள் கொடுத்தன. அரசின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த விளைவை எந்த அரசாங்கமும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தன. அது நல்லதே. நாட்டுத் துப்பாக்கி மட்டும் மலைகளில் தங்கிவிட்டது. உரிமமில்லாதவற்றை ஒப்படைக்கும்படி கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் காவல்துறை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி இப்போது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்தது. ஒரே இரவில் ஒரு கூட்டம் மரவள்ளிக் காட்டைக் கிழங்கோடு புரட்டிப்போடும் மாவட்டங்கள் இவை. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வீடும் சாலையும் உள்ள சமவெளி. அங்கே .315 குண்டு குறி தவறினால் அடுத்த ஊர்வரை வீரியத்தோடு போகும். பன்னிரண்டு போர் ரவை சிதறிப் பன்றியைக் காயப்படுத்தும். குறைந்த வேகம், கனத்த குண்டு, நூறு மீட்டர் வரை திட்டமான குறி, சீக்கிரம் தளரும் வீச்சு ஆகிய நான்கும் சேர்ந்த ஆயுதம் கைத்துப்பாக்கித் தோட்டா கார்பைன்தான். அதன் குண்டும் குறி தவறினால் ஆளைக் கொல்லக்கூடியதே என்பதால், மேட்டிலிருந்து மண்ணை நோக்கிச் சுடும் ஒழுங்கு எப்படியும் வேண்டும். தடைப் பட்டியல் தனியாருக்கானது. அரசுத் துறைக்கு அது குறுக்கே நிற்காது. பயிற்சி பெற்ற வனக்காவலருக்கு எந்தத் தோட்டாவைக் கொடுப்பது என்பதை வனத்துறையே சோதித்து முடிவெடுக்கலாம்.