கத்திப் பிடியும் ரயில் கட்டையும்

நல்ல கத்தி பல நேரம் கெட்டுப்போவது அலகால் அல்ல, பிடியால். மரம் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இரும்பு அப்படி ஆடாது. நாளடைவில் பிடி ஆட்டம் கண்டு வெடித்துவிடும். இதைத் தடுக்க அமெரிக்காவில் பலர் மரத்துக்குள் ரெசின் ஏற்றிக் கெட்டிப்படுத்துகிறார்கள். 'ஸ்டெபிலைசிங்' என்று பெயர். ஒரு வெற்றிட பம்ப், மூடி போட்ட பாத்திரம், ஓவன் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். புது விஷயம் மாதிரி தெரிகிறதா? இதன் கதை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஆரம்பிக்கிறது!

அதற்கும் முன்னால் ஒரு மேயர். ஜெர்மனியில் மக்டேபர்க் நகரத்து ஓட்டோ வான் கெரிக்கே, 1650களில் காற்றை வெளியேற்றும் பம்ப் செய்தார். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை எடுத்தார். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. அவற்றை இறுக்கிப் பிடித்தது வெற்றிடம் அல்ல, வெளிக்காற்றின் அழுத்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இங்கிலாந்து. ரயில் பாதைகள் பெருகிய காலம். மண்ணில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகள் சில வருடங்களில் உளுத்துப் போயின. கட்டை விலை ஒரு செலவு, பிடுங்கி மாற்றும் கூலி இன்னொரு செலவு. 1838-இல் ஜான் பெத்தெல் ஒரு காப்புரிமை வாங்கினார். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை எடுத்து, பிறகு நிலக்கரித் தாரிலிருந்து வரும் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்துவது. கட்டையின் ஆயுள் பல மடங்கு கூடியது. ஆனால் எண்ணெய் நிறையக் குடித்தது. 1902-இல் ஜெர்மனியில் ரூப்பிங் இதற்கு வழி சொன்னார். முதலிலேயே மரத்துக்குள் காற்றை அடைத்துவிட்டால், கடைசியில் அது விரிந்து மிச்ச எண்ணெயை வெளியே தள்ளிவிடும். கணக்குப் பார்ப்பவருக்குப் பிடித்த கண்டுபிடிப்பு!

1960களில் எண்ணெயின் இடத்துக்கு பிளாஸ்டிக் வந்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உதவியோடு நடந்த ஆய்வுகளில், மரத்துக்குள் திரவமாக அக்ரிலிக் மூலப்பொருளை ஏற்றி, காமா கதிரால் இறுக வைத்தார்கள். வெப்பத்தால் இறுக வைக்கும் முறையும் வந்தது. வீட்டில் செய்வது இந்த இரண்டாவது முறைதான்.

முதலில் மரத்தை சுமார் 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் காயவைக்க வேண்டும். ஆறிய பின் ரெசினில் மூழ்கடித்து, குமிழி நிற்கும் வரை பம்ப் ஓட வேண்டும். பிறகு பம்ப்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டு, பல மணி நேரம் ஊறவிட வேண்டும். கடைசியில் அலுமினியத் தாளில் சுற்றி சுமார் 95 டிகிரியில் ஓவனில் வைத்தால் ரெசின் இறுகிவிடும்.

பலர் அவசரப்படுவது ஊறவைக்கும் கட்டத்தில்தான். பம்ப் ஓடும்போது காற்று வெளியே வருகிறது, அவ்வளவே. ரெசின் பெரும்பாலும் உள்ளே போவது பம்ப்பை நிறுத்திய பிறகு, வெளிக்காற்று தள்ளும்போது. கெரிக்கேயின் குதிரைகள் தோற்றதும் இதே காற்றிடம்தான். பெத்தெலிடம் கூடுதல் அழுத்தம் தர இயந்திரம் இருந்தது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு வளிமண்டல அழுத்தம். அதனால் பொறுமைதான் இயந்திரம்.

எச்சரிக்கையும் இங்கேயே இருக்கிறது. 25 செ.மீ. அகல மூடியின் மேல் காற்று அழுத்துவது கிட்டத்தட்ட அரை டன் எடை! சாதாரண கண்ணாடி ஜாடி நொறுங்கிவிடும். ரெசின் ஆவியும் நல்லதல்ல. சமைக்கிற ஓவனை இதற்குத் தொடவே கூடாது.

கருங்காலி மாதிரி அடர்ந்த மரத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, ரெசினும் சரியாக ஏறாது. பலன் கிடைப்பது, பூஞ்சை பிடித்துக் கோடு கோடாக அழகாகி, ஆனால் மெத்தென்று ஆகிவிட்ட மரத்துக்கு. முன்பெல்லாம் அது அடுப்புக்குத்தான் போயிருக்கும்.