குரலும் முகமும்: தொலைக்காட்சி நகைச்சுவையின் தொடக்ககால வினா ஒன்று

நாடகம் காலந்தோறும் தன் அரங்கை மாற்றி வந்துள்ளது. வெளியிலே ஆடப்பட்ட கூத்துக் கொட்டகைக்குட் புகுந்தது. கொட்டகை நாடகம் வானொலியில் வெறுங் குரலாயிற்று. அக்குரல் பின்னர்த் திரையில் முகம் பெற்றது. அவ்வாறு முகம் பெற்ற வேளையில் நகைச்சுவைக்கு நேர்ந்த சோதனையை ஐக்கிய அமெரிக்காவிலும் இலங்கையிலும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்ககால நகைச்சுவைத் தொடர்கள் பல வானொலியிற் பிறந்தவை. 1928இல் சிக்காக்கோவில் ஒலிபரப்பாகத் தொடங்கிய ‘ஏமொஸ் அன் அன்டி’ அவற்றுள் ஒன்று. அதிலே கறுப்பின மாந்தராகப் பேசியவர்கள் பிறீமன் கொஸ்டன், சாள்ஸ் கொறெல் என்னும் வெள்ளையர் இருவர். கேட்போர் காணாதவரை அம்மாற்றம் செல்லுபடியாயிற்று. 1951இல் அத்தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகரே வேண்டப்பட்டனர். அல்வின் சில்ட்ரெஸ், ரிம் மூர் முதலியோர் தொழில் பெற்றனர். ஆயினும் முகம் மாறிற்றேயன்றி வார்ப்பு மாறவில்லை. தம் இனத்தாரைச் சோம்பேறிகளாகவும் எத்தர்களாகவும் காட்டுகின்றதெனக் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் கண்டித்தது. 1953இல் தொடர் நின்றது; 1966இல் மறு ஒளிபரப்பும் கைவிடப்பட்டது.

இதற்கு மாறானது ‘கோல்ட்பேர்க் குடும்பத்தார்’. யூதப் பெண்மணியாகிய கேற்றூட் பேர்க் தம் சமூகத்தின் இல்வாழ்வைத் தாமே எழுதி, தாமே தலைமைப் பாத்திரமேற்று நடித்தார். 1929இல் வானொலியில் தொடங்கிய அத்தொடர் 1949இல் தொலைக்காட்சியை அடைந்தது. அங்கே நகைப்பு உள்வீட்டு நகைப்பாயிற்று. எனினும் அவருக்குக் கணவராக நடித்த பிலிப் லோப், பொதுவுடைமைச் சார்பினர் என 1950இல் வெளியான பட்டியலொன்றிற் பெயர் குறிக்கப்பட்டமையால் நீக்கப்பட்டார். 1955இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அரங்கின் உரிமை அரங்குக்கு வெளியேயுள்ள காலநிலையையும் சார்ந்தது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுவதில்லை.

இனி எம் நாட்டை நோக்குவோம். எழுபதுகளில் இலங்கை வானொலியின் தமிழ் நேயரைக் கவர்ந்த ‘கோமாளிகள் கும்மாளம்’ எஸ். ராம்தாஸ் எழுதியது. அதில் இந்துவாகிய ராம்தாஸ் முஸ்லிம் மரிக்காராகப் பேசினார், முஸ்லிமாகிய பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பேசினார், தமிழராகிய செல்வசேகரன் சிங்கள உபாலியாகப் பேசினார், ராஜகோபால் அப்புக்குட்டியானார். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. குரலுக்கு முகம் வந்த பின்னரும் ராம்தாஸ் மரிக்காராகவே நிலைத்தார்; இன்றும் ‘மரிக்கார்’ ராம்தாஸ் என்றே நினைக்கப்படுகிறார்.

அங்கே இழுக்காகியது இங்கே இனித்தமைக்குக் காரணம் யாது? அங்கே ஒரு சாரார் பேசினர், மறுசாரார் பேசப்பட்டனர். இங்கே ஐயரின் பேச்சை முஸ்லிமும் முஸ்லிமின் பேச்சை இந்துவும் கடன் வாங்கினர். கொடுத்தலும் கொள்ளலும் இருந்தவிடத்து நகைப்பு நட்பாயிற்று. எனினும் மிகைபடக் கூறலாகாது. உபாலிக்கு ஈடாகத் தன் குரலிற் பேசிய சிங்களவர் எவரும் அக்குழுவின் முன்னணியில் இல்லை. நகைத்தவரும் பெரும்பாலும் தமிழ் அறிந்தோரே. கடன் ஒருவழியாகிய இடத்தில் எம் நகைச்சுவையும் அமெரிக்கரது போன்றதே.

இது வெறும் அரங்க நுட்பமன்று. 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1983 யூலையில், பேச்சின் சாயலைக் கொண்டே ஆளை இனங்கண்டு தாக்கிய கொடுமை இந்நாட்டில் நிகழ்ந்தது. மேடையில் நகைப்புக்கு உதவிய அதே சாயல் வீதியில் உயிருக்கு உலையாயிற்று.

இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரே தமிழைப் பலவாறாகப் பேசும் மாவட்டம் மன்னார். வங்காலையின் பேச்சு வேறு. எருக்கலம்பிட்டியின் பேச்சு வேறு. பள்ளி மேடையில் அயலூரான் பேச்சை எடுத்தாளும் மாணவர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று: அவ்வயலூரான் முன்வரிசையில் அமர்ந்திருப்பினும் இவ்வாறே பேசுவோமா? அவன் மேடையேறி எம்மைப் போலப் பேசினால் நாமும் நகைப்போமா? இரண்டுக்கும் ஆமெனக் கூற வல்ல நகைச்சுவையே அரங்கேறத் தக்கது.