1962 தேதியிட்ட கடிதங்கள்

கன்ட்ரி இசையின் தலைசிறந்த பாட்டு எது என்று அமெரிக்காவில் கேள்வி எழும்போதெல்லாம் முன்வரிசையில் நிற்பது, ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-ல் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’. சாகும்வரை உன்னை மறக்கமாட்டேன் என்றவன், சொன்னபடியே செத்துத்தான் மறக்கிறான். அவ்வளவுதான் கதை. பாடகி டாமி வைனெட்டை 1969-ல் மணந்து 1975-ல் விவாகரத்தான ஜோன்ஸ் தன் சொந்தச் சோகத்தையே பாடிவிட்டார் என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள். பாட்டையே சாட்சிக்கு அழைத்தால் இந்த வழக்கு நிற்காது.

எழுதியவர்கள் பாபி பிராடக்கும் கர்லி புட்மனும். ஜோன்ஸுக்கு முன்பே ஜானி ரஸ்ஸல் இதைப் பாடிப் பதிவு செய்திருந்தார். செத்தவன் பத்திரப்படுத்திய காதல் கடிதங்களில் இருக்கும் ஆண்டு 1962. டாமி பாட வாய்ப்புத் தேடி நாஷ்வில் வந்ததோ 1966-ல். ஜோன்ஸுக்குப் பாட்டே பிடிக்கவில்லை. இந்த இழவுப் பாட்டை எவன் வாங்குவான் என்பது அவர் கட்சி. விடாப்பிடியாக நின்றவர் தயாரிப்பாளர் பில்லி ஷெரில். திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னார். இறுதிச் சடங்குக்கு அவள் வந்து நிற்கும் பகுதியும் அவர் கேட்டு வாங்கியதுதான். அந்த இடத்தில் ஜோன்ஸ் பாடுவதில்லை, பேசுகிறார். வருவாளா மாட்டாளா என்று கூடியிருந்தவர்கள் யோசித்ததைச் சொல்கிறார். கவனியுங்கள், காதலித்தவன் வேறு, கதை சொல்பவன் வேறு. பாடகருக்குக் கிடைத்தது துக்கவீட்டுக் கூட்டத்தில் ஓர் இடம் மட்டுமே. புலம்பல் இல்லாத அந்தத் தள்ளி நின்ற பார்வைதான் கேட்பவரை உலுக்குகிறது.

சொல் பிறருடையதானாலும் குரலில் இருக்கும் வலி அவருடையதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வலியோடு சேர்த்துப் பேசப்படும் குடி, பாட்டைக் கெடுக்கத்தான் பார்த்தது. போதையில் நாக்குக் குழறியதால் நாலு வரிப் பேச்சைப் பதிவு செய்யவே மாதக்கணக்கானது என்பார் ஷெரில். விவாகரத்துக்குப் பிறகு இந்தப் பாட்டு வரும்வரை ஜோன்ஸ் தனியாகப் பாடிய எத்தனையோ பிரிவுப் பாட்டுகளில் ஒன்றுகூட முதலிடம் தொடவில்லை. வலிதான் காரணம் என்றால் அவையும் தொட்டிருக்க வேண்டுமே! பிரிந்த பிறகு டாமியும் அவரும் ஜோடியாகப் பாடிய ‘கோல்டன் ரிங்’ 1976-ல் முதலிடம் பிடித்தது. அதுவும் மணமுறிவுக் கதையே. மேடைக்குச் சோகம் ஒரு தொழில். குரல் அவர் தந்த கொடை, மறுப்பதற்கில்லை. கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் பாடலாசிரியர்களுக்குத் தரும் ஆண்டின் சிறந்த பாடல் விருதை, 1980, 1981 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டும் வாங்கியவர்கள் பிராடக்கும் புட்மனும்தான்.